சொல்லித்தராத தங்க வர்ணம்

சத்யப்ரியாவுக்குக் கோபம் வந்தால் பாலிகஞ்சில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் கேட்கும் என்று அவள் கணவன் ஜெய்ராம் சொல்வான். அது பொய். எதிர்க் கட்டடத்துக்கும் கேட்கும். ஆனால் அவள் காரணமில்லாமல் கத்தினாள் என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை.

கல்கத்தாவில் வீடு வீடாகப் போய் பியானோவுக்குச் சுருதி கூட்டுவதும் பழுது பார்ப்பதும் அவள் தொழில். மணியடித்ததும் கதவைத் திறக்கிறவர்கள் முதலில் அவளைப் பார்ப்பார்கள், பிறகு அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

"மிஸ்திரி வரலையா?"

"நான்தான் மிஸ்திரி. கொஞ்சம் நகருங்க."

இருபது வருஷமாக இதே கேள்வி, இதே பதில். ஒருத்தராவது வெட்கப்பட்டிருக்கிறார்களா என்றால் இல்லை. உள்ளே விட்டபின்னும் "மேடம், உங்களுக்கு இது முடியுமா?" என்று கேட்டுவிட்டு விசிறியைப் போட்டுவிட்டுப் போவார்கள். விசிறிச் சத்தத்தில் சுருதி கேட்காது என்பதையும் அவள்தான் சொல்லியாக வேண்டும்.

அவள் அப்பா கிடர்பூரில் கஸ்டம்ஸ் உத்தியோகஸ்தர். பெண்ணைக் கணக்குப் படிக்க வைத்தார். அவளும் படித்து முடித்து, வாத்தியங்கள் விற்கும் ஒரு பழைய கடையில் கணக்கெழுதப் போனாள். கடையிலிருந்த மெக்கானிக் ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். இந்த ஊர் மழையில் பியானோவின் மரம் ஊறி, கட்டைகள் அழுத்தினால் அழுத்தின இடத்திலேயே நிற்கும். அதற்காகவே இங்கே பாதி வீடுகளில் பியானோவுக்குள் ஒரு பல்பை எரியவிட்டு வைத்திருப்பார்கள். கடையில் அத்தனை வாத்தியமும் ஒரே வாரத்தில் ஊமையாகிவிட, முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். சத்யப்ரியா கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு பியானோவின் பலகையைக் கழற்றினாள். அதற்கப்புறம் அவள் கணக்குப் பக்கம் திரும்பவில்லை.

கற்றுக்கொண்ட விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தத் தொழிலில் இருந்தவர்கள் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் செய்கிற காரியம் அறைக்கதவைச் சாத்துவது. அமைதி வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அமைதியும் இல்லை, மண்ணும் இல்லை. எந்தப் பசையை எங்கே தடவினோம், கம்பளித்துணி எங்கே வாங்கினோம், கம்பியைச் சுற்றியிருக்கும் முளை தளர்ந்தால் எப்படி இறுக்கினோம் என்பது வெளியே போய்விடக் கூடாது, அவ்வளவுதான். அடுத்த தெருக்காரனுக்குத் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தைத் தானாகக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று மழைக்காலம் ஆகியிருக்கிறது. அதற்குள் எத்தனை வீட்டுப் பியானோ பாழானதோ தெரியாது.

அதனால்தான் அவளும் மஹாதேவனும் சேர்ந்து அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ஆரம்பித்தார்கள். மஹாதேவன் அவளைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர், ஊரிலேயே பெயர் பெற்ற ட்யூனர், தமிழர். அவள் அவரை அண்ணா என்று கூப்பிடுவாள், வங்காளிகளுக்கு அவர் மஹாதா. மாதத்தின் முதல் ஞாயிறு அவர் வீட்டுக் கார் ஷெட்டில் நகரத்துப் பியானோக்காரர்கள் கூடுவார்கள். சமோசா மாதிரியான ஷிங்காராவும் மண் குவளையில் டீயும் உண்டு. பேச்சு வங்காளியும் ஆங்கிலமும் ஹிந்தியுமாகக் கலந்து ஓடும். கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி. அந்த மாதம் செய்த தப்பை முதலில் சொல்ல வேண்டும், சாமர்த்தியத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அது சத்யப்ரியா போட்ட விதி. அதை அழகாக எடுத்துப் பேசிப் பேசியே தலைவர் ஆனவர் மஹாதேவன்.

பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. "அறிவைப் பூட்டி வைக்கிறவன் தொழிலாளி இல்லை, திருடன்" என்பார். முதல் கூட்டத்திலேயே ஒரு நல்ல பழக்கத்தை எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார். திருகாணிகளை முடுக்கி முடித்ததும் அவற்றின் தலைப்பள்ளங்கள் எல்லாம் செங்குத்தாக நிற்கும்படி வைக்க வேண்டும். ஏதாவது ஒன்று தளர்ந்து திரும்பினால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். இன்று கூட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அவர் சொல்லித்தரவில்லை. பியானோவின் உள்ளே கம்பிகளைத் தாங்குகிற இரும்புச் சட்டத்துக்குத் தங்க நிறத்தில் வர்ணம் பூசியிருக்கும். உரிந்த இடத்தில் மற்றவர்கள் பூசினால் இரண்டு மழையில் பச்சை பாய்ந்துவிடும். மஹாதேவன் பூசியது பூசியபடி இருக்கும். கேட்டால் சிரித்துக்கொண்டே, "அது எங்காத்துச் சமையல்" என்பார். எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள். சத்யப்ரியாவும் சிரித்திருக்கிறாள்.

போன ஜூனில் அலிப்பூரிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அவளுக்கு போன் வந்தது. ஆண்டு விழாவுக்கு வயலின் கோஷ்டி ஒன்று வருகிறது, பெரிய ஹாலில் இருக்கும் பியானோ அரை சுருதி இறங்கிக் கிடக்கிறது, மேலே ஏற்றித் தர வேண்டும் என்றார் செயலாளர். வழக்கமாக வரும் மஹாதேவன்பாபுவுக்கு முழங்கால் வலியாம், அவர்தான் உங்கள் நம்பரைக் கொடுத்தார் என்றும் சொன்னார். சத்யப்ரியாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தன் பெரிய வாடிக்கையைத் தூக்கி இன்னொருத்தருக்குக் கொடுக்கிற மனுஷன் இந்த ஊரில் வேறு யார் என்று ஜெய்ராமிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அவள் அவசரப்படவில்லை. டார்ச் அடித்துச் சட்டத்தை முழுக்கப் பார்த்தாள், கண்ணாடியைச் சரித்து அடியில் பார்த்தாள். ஒரு சுற்று கொஞ்சம் ஏற்றி, ஆறவிட்டு, மறு சுற்று வந்தாள். எல்லாக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு டன் கணக்கில் இருக்கும். அதைத் தாங்குவது அந்த இரும்புச் சட்டம் ஒன்றுதான். இரண்டாம் சுற்றின் நடுவில் அது உடைந்தது. வெடிச் சத்தம் கேட்டுக் கீழ்த் தளத்து வகுப்பிலிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அறுந்து தெறித்த கம்பி ஒன்று அவள் இடது கன்னத்தைக் கண்ணுக்குக் கீழே விரலளவு தூரத்தில் கிழித்துக்கொண்டு போனது.

செயலாளர் வந்தார். "பியானோவுக்கு என்னாச்சு?" என்றார். புடவைத் தலைப்பை முகத்தில் அழுத்திக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி அது.

அடுத்த கூட்டத்தில் மஹாதேவன் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தலைப்பு, அவசரமாகச் சுருதி ஏற்றுவதன் ஆபத்து. சுவரில் பெரிதாக ஒரு படம் போட்டுக் காட்டினார். உடைந்த சட்டத்தின் படம். ஆறுதலுக்காக அவரிடம் பேசினபோது அவளே அனுப்பி வைத்த படம்.

"சத்யா தப்பா நெனச்சுக்க மாட்டா. நம்ம விதியே அதுதானே, ஒருத்தர் தப்பிலேர்ந்து மத்தவா கத்துக்கணும்" என்றார்.

கன்னத்தில் தையலோடு அவள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அவள் கத்தவில்லை. ஜெய்ராம் பயந்தே போனான்.

அலிப்பூர்ப் பக்கத்துப் பள்ளிகள் அதற்கப்புறம் அவளைக் கூப்பிடவில்லை. சட்டத்தை உடைத்த பெண்மிஸ்திரி என்று பெயர் பரவிவிட்டது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். முளையைத் திருகுகிற லீவரை மாட்டிவிட்டு, பாதித் திருகலிலேயே கழற்றிவிட ஆரம்பித்தாள். முழுச் சுருதிக்குக் கொண்டுபோகப் பயந்து கொஞ்சம் கீழேயே விட்டுவிட்டு வந்த வீடுகள் உண்டு. தனக்குத் தொழில் தெரியாதோ என்ற சந்தேகம் இருபது வருஷத்துக்கு அப்புறம் அவளுக்கு வந்தது. கோபக்காரி என்ற பெயரைச் சம்பாதிக்க அவள் பட்ட பாட்டுக்கு, மிஞ்சினது இந்தச் சந்தேகம்தான்.

பூஜை லீவு முடிந்த வாரம் கிடர்பூரிலிருந்து ஒரு பழைய இரும்பு வியாபாரி கூப்பிட்டார். பள்ளிக்கூடம் அந்தப் பியானோவைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டது, முளை கிளை வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். போக அவளுக்கு இஷ்டமில்லை. ஆனாலும் நல்ல முளைகள் வீணாகப் போகிறதே என்று போனாள்.

லாரிகள் உறுமும் சந்துக்குள் அந்த முற்றம். சட்டத்தைச் சம்மட்டியால் போட்டு நொறுக்கியிருந்தார்கள். சட்டத்தின் கை என்று இவர்கள் சொல்லும் நீளத் தண்டு உடைந்து தனியாகக் கிடந்தது. அதைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சம்மட்டி அடியில் மேலே அடைத்துப் பூசியிருந்த மக்குப்பூச்சு உதிர்ந்து, உள்ளே திருகாணித் தலைகள் தெரிந்தன. அடிப்பக்கத்தில், கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாதபடி அதே வர்ணம் பூசிய ஒரு எஃகுப் பட்டை. விரிசலை மறைத்துப் பட்டை கொடுத்து, மேலிருந்து முடுக்கி, மக்கு வைத்து, தங்க வர்ணம் பூசியிருக்கிறார்கள். விரிசலின் வாய் முழுக்கப் பழைய துரு. அது ஜூனில் உடைந்ததே அல்ல. வருஷக்கணக்காக உடைந்து கிடந்தது.

"நான் உடைக்கலை" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். வியாபாரிக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் தலையாட்டினார்.

அப்புறம்தான் திருகாணிகளை ஒழுங்காகப் பார்த்தாள். அத்தனை பள்ளமும் செங்குத்தாக நின்றன.

அன்று கிடர்பூரிலிருந்து பாலிகஞ்ச் வரை டாக்ஸியில் மடியில் சாக்கில் சுற்றிய இரும்போடு தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள். முழங்கால் வலியாம். நம்பர் கொடுத்தாராம். அந்த மனுஷனை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"போன் பண்ணிக் கேட்டுடேன்" என்றான் ஜெய்ராம்.

"போன்ல கேட்டா எங்கிட்ட மட்டும் சொல்லுவார். என்னைப் பத்தி அவர் எல்லார்கிட்டயும்தானே சொன்னார்?"

ஞாயிற்றுக்கிழமை ஷெட் நிறைந்திருந்தது. மஹாதேவன் வழக்கம்போல் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "இந்த மாசம் யாருக்கு என்ன தப்பாச்சு?" என்று வங்காளியில் கேட்டார். சத்யப்ரியா எழுந்து போய் ஷிங்காராத் தட்டை நகர்த்திவிட்டு அந்த இரும்பை மேஜைமேல் வைத்தாள்.

"அலிப்பூர் ஸ்கூல் பியானோ. நான் தொடறதுக்கு முன்னாடியே உடைஞ்சிருந்தது. யாரோ பட்டை போட்டு மறைச்சிருக்காங்க."

ஹோட்டல் பியானோக்களைப் பார்த்துக்கொள்ளும் ராகுல் அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். திருகாணிகளைப் பார்த்தான். பிறகு மஹாதேவனைப் பார்த்தான். ஷெட்டில் டீ உறிஞ்சுகிற சத்தம் நின்றது.

மஹாதேவன் நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நம்ம ஆளு யாரோ செஞ்ச வேலை மாதிரிதான் இருக்கு. ஆனா இதை நான் எல்லாருக்கும்தானே சொல்லிக்குடுத்தேன்? இந்த ரூம்ல யார் வேணும்னாலும் செஞ்சிருக்கலாம்."

சொல்லிவிட்டு வரிசையாக எல்லார் முகத்தையும் பார்த்தார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் குற்றவாளிகள் மாதிரி நெளிந்தார்கள். எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் தன் பழியை இத்தனை பேர் தலையில் பங்கு போட வரும். சத்யப்ரியா கைக்குட்டையை டீத்தண்ணீரில் நனைத்து, இரும்பின் மேலிருந்த அழுக்கை அழுத்தித் தேய்த்தாள். அடியிலிருந்து வர்ணம் வந்தது. புதுசாகப் பூசினது போல் மஞ்சளாக, ஒரு பொட்டுப் பச்சை இல்லாமல்.

"திருகாணியை எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தீங்க. சரி. இந்த வர்ணத்தை யாருக்குச் சொல்லிக்குடுத்தீங்க?"

மஹாதேவனின் முகம் தொங்கிப்போயிற்று. அவர் மேஜைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி, தமிழுக்கு மாறினார்.

"சத்யா, இது நமக்குள்ள பேசிக்கற விஷயம். உள்ள வா, மன்னி காபி போடுவா. இவா முன்னாடி வேண்டாம்."

"இவங்க முன்னாடிதான்" என்று அவள் வங்காளியிலேயே உரக்கச் சொன்னாள். "நான் உடைச்சதா இவங்க முன்னாடி படம் போட்டுக் காட்டினப்போ உங்களுக்குத் தமிழ் ஞாபகம் வரலையா?"

அவர் வேறு வழியில்லாமல் வங்காளிக்குத் திரும்பினார். விரிசலைத் தான்தான் கண்டதாகவும், அப்போதே செயலாளரிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். டிரஸ்டிகளுக்குத் தெரிந்தால் பியானோவையே தூக்கிவிடுவார்கள், வெளியே மூச்சு விடாதீர்கள் என்று செயலாளர் கெஞ்சினாராம். அதனால் பட்டை போட்டு, அரை சுருதி கீழேயே வைத்துக் காப்பாற்றி வந்தாராம். "வாடிக்கைக்காரர் ரகசியம். அதை எப்படி வெளியே சொல்றது?"

"லீவரைப் பிடிக்கிறது செக்ரெட்டரியா? நான் பிடிக்கிறேன். உடைஞ்சா தெறிக்கிறது என் மூஞ்சியில. அவருக்குச் சொன்னீங்க, எனக்குச் சொல்லலை. சொல்லாம என் நம்பரை வேற குடுத்தீங்க."

"ஏத்தும்போது சட்டம் முனகும், நீ நிறுத்திடுவேன்னு நெனச்சேன்."

"முனகலை."

அவள் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டவில்லை, எல்லாரும் தாங்களாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்வரிசையிலிருந்து விக்ரம் தொண்டையைச் செருமினான். கரக்பூரில் ரயில்வேக் குடும்பத்துத் தமிழ்ப் பையனாக வளர்ந்து, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, தமிழைவிட வங்காளியில் சரளமாகப் பேசுகிறவன். மஹாதேவன் பேச்சைக் கேட்டுத்தான் இந்தக் கூட்டத்துக்கே வந்தான்.

"விட்டுடுங்க தீதி. நடந்தது நடந்துபோச்சு. மஹாதா இல்லேன்னா இந்தக் கூட்டமே இல்லை. இதனால கூட்டம் உடையணுமா?"

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒருத்தர் ஷிங்காராத் தட்டைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார்.

"எந்தக் கூட்டம்? ஷிங்காரா தின்கிற கூட்டமா?" அவள் குரல் ஷெட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. "தப்பைச் சொல்லணும்னு விதி. இத்தனை வருஷமா இவர் சொன்ன தப்பெல்லாம் சிரிப்பு வர்ற தப்பு. ஆளைக் கொல்ற தப்பை மூடி வெச்சுட்டு நமக்கு உபதேசம். இந்த ஒண்ணோட முடிஞ்சுதுன்னு யாருக்காவது தெரியுமா? அண்ணா, வேற எந்தெந்த வீட்டுல இப்படிப் பட்டை போட்டிருக்கீங்க?"

மஹாதேவன் நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பழைய சொற்பொழிவுக் களை திரும்பியிருந்தது.

"அறிவைப் பூட்டி வைக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லிண்டிருந்தேன். நானே பூட்டி வெச்சிருந்தேன், ஒத்துக்கறேன். இன்னிக்குத் திறந்துடறேன். அந்தத் தங்க வர்ணத்தை எழுதிக்கோங்க. முதல்ல அரக்கை ஸ்பிரிட்ல ரெண்டு நாள் ஊற வைக்கணும்..."

ஷெட்டே கலகலத்தது. பேனாக்கள் வந்தன, போன்கள் வந்தன. எத்தனை வருஷமாகக் கெஞ்சின விஷயம். ராகுல்கூட இரும்பைக் கீழே வைத்துவிட்டுக் காகிதம் தேடினான். மேஜையின் அந்தக் கோடியில் சத்யப்ரியா நிற்பதே யாருக்கும் நினைவில்லை.

"பேனாவைக் கீழ வை!"

அது பாலிகஞ்ச் எதிர்க் கட்டடம் வரை கேட்கிற குரல். பேனாக்கள் நின்றன.

"வர்ணம் வேண்டாம். வீட்டுப் பேரைச் சொல்லுங்க."

அவள் நகரவில்லை. உதவிக்கு யாராவது வருவார்களா என்று மஹாதேவன் சுற்றிப் பார்த்தார். விக்ரம் மட்டும் அவரைப் பார்த்து ஆதரவாகச் சிரித்தான்.

"பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்துல" என்றார் கடைசியில். குரல் சுரத்தில்லாமல் வந்தது. "சீதாராமன் ஃப்ளாட். அவர் பொண்ணு சுபிக்ஷா கத்துக்கறா. சட்டத்தோட இடது பக்கக் கையில விரிசல். அதை ஏத்தக் கூடாது."

விக்ரமின் சிரிப்பு அப்படியே உறைந்தது. கையிலிருந்த மண் குவளையைத் தரையில் வைத்தான்.

"செவ்வாய்க்கிழமை நான் அங்கே போறேன்" என்றான். "முழுச் சுருதிக்கு ஏத்தணும்னு சொன்னாங்க. அந்தப் பொண்ணுக்குப் பரீட்சையாம்."

"உன் நம்பரை அவங்களுக்கு யாரு குடுத்தா?" என்று கேட்டாள் சத்யப்ரியா.

மஹாதேவன் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விக்ரம் எழுந்தான். நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து சத்யப்ரியாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். அவள் கன்னத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தான்.

"அடுத்த வீடு" என்றாள் சத்யப்ரியா.